தீவன மக்காச்சோளமும் பயிரிடைவெளியும்

நெல்லின் நடுவே நண்டும், கரும்பின் நடுவே நரியும், வாழையின் நடுவே வண்டியும், தென்னையின் நடுவே தேரும் ஓடத்தக்க இடம் விட்டு நடவேண்டுமென்பது நம் நாட்டுக் குடியானவர் வழிவழியாகச் சொல்லிவரும் முறையாகும். முழக்கோலும் அளவுநாடாவும் இல்லாத காலத்தில், எழுத்தறியாதாரும் மறவாமல் மனத்திற் கொள்ளும்படி அமைந்த அளவுகோல் இது. ஆயினும் அவ்வரிசையில் மக்காச்சோளத்திற்கு இடமில்லை. மெக்ஸிகோ தேசத்தில் ஏறக்குறைய 9000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப்புல்லினின்று மக்கள் பண்படுத்தியெடுத்த இப்பயிர், போர்த்துகேசியர் கப்பல் வழியாக நம் கரையை அடைந்ததென்பர். பழைய குடியானவன் அதனை அறியான். ஆகவே அதற்கென்று ஒரு பிராணியையும் அவன் ஓடவிட்டானல்லன். இக்குறையினால் விளையும் நஷ்டத்தை இன்று நம் ஜில்லாவில் மாடு வைத்திருப்போர் பலர் அறியாமலே சுமந்துவருகின்றனர். அஃது எவ்வாறென்பதை ஈண்டு ஆராய்வோம்.

முக்கொம்பிற் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அணைத்தோடும் ஸ்ரீரங்கத் தீவில், வீடுகளாகாமல் எஞ்சிய நிலங்களில் நெல்லும் வாழையும் தென்னையுமே பெரும்பாலும் காணப்படுவன. கொள்ளிடத்திற்கு வடக்கே மண்ணச்சநல்லூரும் லால்குடியும் நெல்லுக்குப் பேர்போனவை. ஆதலின் இப்பக்கத்து மாடுகளுக்கு வைக்கோலே நித்திய உணவாயிற்று. வைக்கோல் வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்ப்பதன்று. அதில் புரதம் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பங்கே உண்டு, மணற்சத்தோ மிகுதி. அதை மட்டும் தின்னும் பசு கறக்கும் பால் அளவிலும் குறையும், தரத்திலும் குறையும். கூட்டுறவுச் சங்கங்கள் பாலை அளந்து மாத்திரம் விலை கொடுப்பதில்லை. அதிலுள்ள கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் சோதித்தே கொடுக்கின்றன. எனவே மாட்டின் தீனியிலுள்ள குறை மாதக்கடைசியில் வீட்டுக் கணக்கில் வந்து நிற்கும்.

இக்குறையை நீக்கப் பசுந்தீவனம் வேண்டும். அவற்றுள் மக்காச்சோளம் சிறந்ததொன்று. சோளத்தைப்போல் இளம்பயிரில் நஞ்சு வைத்து மாட்டைக் கொல்லும் தன்மை இதற்கில்லை. வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்து மாடு விழுந்ததென்னும் செய்தி மணப்பாறைப் புன்செய்ப் பக்கங்களில் புதிதன்று. மக்காச்சோளத்தை அவ்வச்சமின்றி எப்பருவத்திலும் அறுத்திடலாம். தண்ணீர் இருந்தால் ஆண்டு முழுவதும் விதைக்கலாம். உலர்ந்த கணக்கில் இதில் புரதம் நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பங்கு வரை உண்டு.

நம் பக்கத்தில் மக்காச்சோளம் என்றவுடன் பலர் நினைவிற்கு வருவது பெரம்பலூர் ஆகும். 1995-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவினின்று பிரிக்கப்பட்ட அந்நாட்டில் மானாவாரியாக விளையும் மக்காச்சோளம் நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீனியாகச் செல்கின்றது. அது மணிக்காக விளைவது. தீவனத்திற்காக விளைப்பது வேறு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் இறவையில் மணிக்கு விளைக்கும்போது வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 25 சென்டிமீட்டரும் விடச் சொல்லுகின்றனர். ஆப்பிரிக்க நெட்டை என்னும் தீவன ரகத்திற்கோ வரிசைக்கு 30, செடிக்கு 15 சென்டிமீட்டர் போதுமென்றும், ஹெக்டேருக்கு 40 கிலோ விதை வேண்டுமென்றும், 60 முதல் 65 நாட்களில் அறுத்தால் ஹெக்டேருக்கு 40 முதல் 42 டன் பசுந்தீவனம் கிடைக்குமென்றும் கூறுகின்றனர்.

இவ்விரண்டு அளவுகளையும் ஒரு சென்ட் நிலத்தில் வைத்துப் பார்ப்போம். மணிக்கு விளைத்தால் ஒரு சென்டில் 270 செடிகள் நிற்கும். தீவனத்திற்கு விளைத்தால் 900 செடிகள் நிற்கும். மூன்று மடங்குக்கு மேல்! ஒரே பயிருக்கு இத்துணை வேறுபாடு எதற்கு? இரண்டில் எது சரியென்று கேட்பவன் கேள்வியையே தவறாகக் கேட்கின்றான். எத்தனை நாளில், எதற்காக அறுக்கப்போகின்றாய் என்பதற்கு விடை சொல்லியபின்னரே எத்தனை செடி என்பதற்கு விடை உண்டு.

செடிகள் நெருங்கி நிற்கையில் நிகழ்வதைச் சற்று நுணுகி நோக்குவோம். பச்சை இலை சூரிய ஒளியில் சிவப்புக் கூறினை உண்டு, கண்ணுக்குப் புலனாகாத எல்லையிலுள்ள தொலைச்சிவப்புக் கூறினைத் திருப்பியெறிகின்றது. அவ்வாறு அயற்செடி எறிந்த ஒளி தன்மேற் பட்டவுடன், நிழல் விழுவதற்கு முன்னரே, ‘அண்டையில் ஒருவன் இருக்கின்றான்’ என்று செடி உணர்ந்துகொள்ளும். உணர்ந்தவுடன் அது தன் முதலைத் தண்டை நீட்டுவதிற் செலவழிக்கும். தண்டு உயரும், பருமன் குறையும், அடியிலைகள் வெளிச்சமின்றி மஞ்சளித்து உலரும், வேர்ப்பிடிப்பும் தளரும். ஆடிக்காற்றில் மெலிந்த தண்டுகள் சாய்ந்து விழுவதற்குக் காரணம் காற்று மட்டுமன்று. செடிகள் தம்முட் செய்த போட்டியும் ஒரு காரணமாகும்.

ஆயினும், செடி ஒவ்வொன்றும் மெலிந்தபோதிலும், நிலம் முழுவதற்கும் சேர்ந்த பச்சை எடை குறைவதில்லை. கலக்க நட்ட வயலில் முதல் ஒரு மாதம் சூரிய ஒளியிற் பெரும்பகுதி வெறுந்தரையிற் பட்டு வீணாகின்றது. நெருக்கி நட்ட வயலிலோ இலைகள் விரைவிற் கூடி ஒளியை முழுதும் ஏந்திக்கொள்ளுகின்றன. ஆகவே செடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுந்தோறும் மொத்த விளைவு முதலில் விரைந்து ஏறும்; பின்னர் மெல்ல ஏறும்; பின்னர் ஏறாமல் நின்றுவிடும். ஒளி அனைத்தும் ஏந்தப்பட்டபின் இன்னும் ஆயிரம் செடிகளை நுழைத்தால், உள்ளதையே பலர் பங்கிட்டுக்கொள்வதாகுமேயன்றி வேறில்லை. ஜப்பான் தேசத்துக் கிராவும் அவர்தம் தோழரும் 1953-ஆம் ஆண்டில் இவ்வுண்மையை வெளியிட்டனர்.

1960-ஆம் ஆண்டில் ஹாலிடே என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் இதனை மேலும் தெளிவாக்கினார். தழையும் தண்டுமாகிய விளைவு மேலே சொன்னபடி ஏறி நிலைத்து நிற்கும். மணியாகிய விளைவோ ஓர் உச்சியை அடைந்தபின் இறங்கத் தொடங்கும். நம் விஷயத்திற்கு அச்சாணி போன்றது இவ்வேறுபாடே.

மக்காச்சோளத்தில் மணி ஏன் இறங்குகின்றது? இச்செடிக்கு ஆண்பூ உச்சியிலும், பெண்பூவாகிய கதிர் இடையிலும் இருக்கின்றன. உச்சியிலிருந்து மகரந்தம் உதிரும் அதே காலத்தில் கதிரின் நுனியினின்று பட்டிழைகள் வெளிவர வேண்டும். ஒவ்வோர் இழையும் ஒரு மணிக்கு வழி. நெருக்கத்தினால் உணவு குறைந்த செடி, உச்சிப்பூவை முன்னிட்டுக் கதிரைப் பின்தள்ளும். சில நாட்கள் தாமதித்து இழை வெளிவரும்போது மகரந்தம் உதிர்ந்தோய்ந்திருக்கும். விளைவு, பல்லுப்போன கிழவன் வாய்போன்ற கதிர், அல்லது கதிரே இல்லாத மலட்டுச்செடி.

அமெரிக்கர் இதனை வேறொரு வழியால் வென்றனர். முன்னாளில் அவர்கள் வரிசைகளுக்கிடையே குதிரை நடக்கவேண்டுமென்பதற்காகவே ஏறக்குறைய 42 அங்குலம் விட்டனர். நம்மவர் வாழைக்கு வண்டியைக் கருதியதுபோல! குதிரை போய் யந்திரம் வந்தபின் வரிசை 30 அங்குலமாயிற்று. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹெக்டேருக்குச் சுமார் 30,000 செடிகளை நட்ட அவர்கள் இந்நூற்றாண்டில் 80,000 செடிகளை நடுகின்றனர். நெருக்கத்தைப் பொறுத்துக் கதிர்விடும் கலப்பின விதைகளை அவர்கள் தேர்ந்தெடுத்ததே இதற்குக் காரணம். தனிச்செடியின் விளைவு பெரிதும் கூடவில்லை. கூட்டத்தில் நின்று விளையும் பொறுமையே கூடிற்று. ஆகவே இடைவெளி ரகத்தையும் பொறுத்ததென்பது பெறப்படும். பையில் அச்சிட்ட இடைவெளியைப் பாராமல், ஒரு விதைக்குச் சொன்ன அளவை மற்றொன்றிற்குக் கொள்ளுதல் கூடாது.

இனி மாட்டின் பக்கம் நின்று பார்ப்போம். பசுவிற்கு வேண்டுவது எடையன்று, செரிக்கத்தக்க உலர்பொருள். மக்காச்சோளச் செடியில் இலை எளிதிற் செரிப்பது. தண்டு முற்ற முற்றக் கடினமாவது. கதிரோ மாப்பொருள் நிறைந்த களஞ்சியம். நெருக்கி நட்டால் தண்டு மெலிதாகும். மாடு கழிக்காமல் முழுவதும் தின்னும். இது ஒரு நன்மை. நம் புன்செய்க் குடியானவர் தட்டைக்காக விதைக்கும் சோளத்தை அடர்த்தியாகத் தூவுவது இதனைக் கருதியே. பெருந்தண்டை மாடு முகர்ந்துவிட்டுத் தள்ளுமென்பதை அவர்கள் எந்தக் கல்லூரியிலும் படித்தறிந்தவரல்லர். ஆனால் அதே நெருக்கத்தில் கதிரின் பங்கு குறையும். நாரின் பங்கு கூடும். புரதமும் செரிமானமும் சிறிது தாழும்.

எனவே இரண்டு வழிகள் தெளிவாகப் பிரிகின்றன. அறுபது நாளில், பூத்துக் கதிர் பால்பிடிக்கும் தருணத்தில், அறுத்து அன்றன்றே பச்சையாகப் போடுவதாயின், கதிர் இன்னும் களஞ்சியமாகவில்லை. அதன் பங்கு குறைவதனால் இழப்பும் சிறிதே. அங்கே 30-க்கு 15 என்னும் நெருக்கம் முற்றும் பொருந்தும். ஆனால் ஏறக்குறைய 80 நாள் வரை நிறுத்தி, மணி முற்றிவருகையில் கதிரோடு வெட்டிக் குழியிலோ பையிலோ அடைத்துக் காற்றுப்புகாமற் புளிக்கவைத்து, ஊறுகாய்ப்புல்லாக்குவதாயின், அங்கே மாப்பொருளே முதல். அந்நெருக்கம் அங்கே கேடாகும். அமெரிக்கர் இவ்வகைக்கு ஏக்கருக்கு 30,000 முதல் 36,000 செடிகள் வரை நிறுத்துகின்றனர். மணிக்கு நடுவதைக் காட்டினும் இது சிறிதே மிகுதி. நம் அளவில் சொல்லின், 60-க்கு 20 சென்டிமீட்டர் இட்டால் ஒரு சென்டிற்கு 337 செடிகள், ஏக்கருக்கு 33,700 என்றாகும். தீவனத்திற்கு நெருக்கி விதைத்த வயலில் பாதியை அறுத்துப்போட்டு, மிச்சத்தை ‘முற்றட்டும், ஊறவைப்போம்’ என்று விடுவோர் உளர். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கதிரற்ற தட்டையின் ஊறுகாயே.

இத்தவறு வெளிப்படாமல் மறைந்திருப்பதற்குக் காரணம் தராசு. பசுந்தீவனம் கட்டுக்கணக்கிலும் எடைக்கணக்கிலும் விற்கப்படுகின்றது. பூக்கத் தொடங்கும்போது அறுத்த செடியில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பங்கே உலர்பொருள். மீதி 85 பங்கும் தண்ணீர். பால்பிடித்தபின் உலர்பொருள் 20 பங்கைத் தாண்டும். ஊறவைப்பதற்கு 30 முதல் 35 பங்கு வரை இருத்தல் நலம். முதல் வகையில் ஒரு டன் வாங்கியவன் பெறுவது 150 கிலோ. கடைசி வகையில் 300 கிலோவுக்கு மேல். வண்டியில் இரண்டும் ஒரே எடைதான். தொட்டியில் தண்ணீர் காட்டினால் மாடு தானே குடிக்கும். அதனை வண்டிக்கூலி கொடுத்துப் பசுந்தாளுக்குள் வைத்து வாங்குவானேன்? ஆகவே ‘எங்கள் வயலில் ஏக்கருக்கு இத்தனை டன்’ என்று ஒருவர் பெருமை பேசினால், எத்தனையாவது நாளில் அறுத்தீர் என்று உடனே கேட்கவேண்டும்.

இடைவெளியென்பது காகிதத்தில் எழுதுவது எளிது. நிலத்தில் நிறுத்துவது அரிது. கைவீச்சில் விதைத்தால் ஓரிடத்தில் ஒரு பிடியும் ஓரிடத்தில் வெறுமையுமாகும். சராசரி சரியாயிருப்பினும், நெருங்கியவை மெலிந்து சாயும். வெறுமையிற் களை ஏறும். பார் பிடித்து அதன் பக்கத்தில் விதை ஊன்றுவதே முறை. முளைத்து பத்து நாளானபின் நான்கு குச்சிகளால் ஒரு மீட்டர் சதுரம் செய்து வயலில் நாலைந்து இடங்களில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். பச்சைக்கு விதைத்ததாயின் 22 செடிகள் இருக்கவேண்டும், ஊறவைப்பதற்காயின் எட்டு. பள்ளிப்பிள்ளைகளும் செய்யத்தக்க இச்சோதனையைச் செய்வோர் மிகச் சிலரே.

திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே இன்னொரு தடை உண்டு. மணிகண்டம், நாவலூர் குட்டப்பட்டு முதலிய பக்கங்களிற் களர்நிலம் பரந்துகிடக்கின்றது. நாவலூர் குட்டப்பட்டில் 1989-இல் தோன்றிய அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியார் களரைத் தாங்கும் நெல்லைத் தேடி ஆராய்ந்து, திருச்சி 1 முதலிய ரகங்களை அளித்தது இதுபற்றியே. மக்காச்சோளத்திற்கு அத்தகைய பொறுமையில்லை. களரில் விதை அழுகியும் முளை இறுகிய தரையைத் துளைக்கமாட்டாமலும் மாயும். 40 கிலோ தூவியும் பாதிச் செடியே நிற்கும். அங்கே விதையை மிகுத்துத் தூவுவது தீர்வாகாது. ஜிப்சமும் பசுந்தாள் உரமும் இட்டு நல்ல வடிகால் செய்து நிலத்தைத் திருத்தியபின்னரே இடைவெளிக் கணக்கு மெய்யாகும். ஸ்ரீரங்கத்து ஆற்றுவண்டல் நிலத்திற்கு இக்கவலையில்லை. அங்கே வாழை வெட்டிய தரிசில் நாலைந்து சென்ட் ஒதுக்கினால் பயிர் செழித்தெழும்.

செடிகளை மும்மடங்காக்கியவன் எருவை மறந்தால் பயனில்லை. ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரமும், அதன்மேல் 60 கிலோ தழைச்சத்தும், 40 கிலோ மணிச்சத்தும், 20 கிலோ சாம்பற்சத்தும் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. தழைச்சத்தில் பாதியை முப்பதாம் நாளில் மேலுரமாக இடவேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. நெருங்கிய பயிரில் யூரியாவை அள்ளிக்கொட்டி, பின் தண்ணீர் காட்டாமல் வாடவிட்டால், அடித்தண்டில் நைட்ரேட்டு உப்புத் தங்கும். அது மாட்டின் வயிற்றில் நைட்ரைட்டாக மாறி, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வன்மையைக் கெடுத்துவிடும். மக்காச்சோளத்தில் சோள நஞ்சு இல்லையென்று முன்னர்க் கூறியது உண்மையே. இது வேறு நஞ்சு. வாடிய பயிரை மழை பெய்த மறுநாளே அறுத்தல் கூடாது. சில நாள் பொறுத்து, அடித்தண்டை ஒரு சாண் விட்டு அறுத்து, வைக்கோலோடு கலந்து போடுதல் நன்று.

2018-ஆம் ஆண்டு இந்நாட்டில் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு இடைவெளிக்கு மற்றொரு பொருளையும் கற்பித்தது. அவ்வாண்டு பெரம்பலூர், அரியலூர், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் மக்காச்சோளம் பெருஞ்சேதமடைந்தது. அதன்பின் மணிக்கு விளைப்போர் பத்து வரிசைக்கு ஒருமுறை 75 சென்டிமீட்டர் விட்டு, ஆள் உள்ளே புகுந்து குருத்தைப் பார்க்க வழிசெய்யவேண்டுமென்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கூறினர். தீவன வயலில் இது இன்னும் அவசியம். ஏனெனில் மணிக்கு விளைப்பவன் மருந்து தெளித்துக் காத்திருக்கலாம். அறுபது நாளில் அறுத்து மாட்டுக்குப் போடுபவன் அவ்வாறு தெளிக்கத் துணியலாகாது. தெளித்த மருந்து தீவனத்தோடு மாட்டின் வயிற்றுக்குட் சென்று, பாலிலும் கலக்கக்கூடும். ஆகையால் காலையில் நடந்து முட்டைக்குவியலைக் கையால் நசுக்கும் வழியே அவனுக்குரியது. நடப்பதற்கு இடம் வேண்டுமன்றோ? நண்டுக்கும் நரிக்கும் இடம் விட்ட முன்னோர் கூற்றோடு, மக்காச்சோளத்தின் நடுவே குடியானவனே நடக்கவேண்டுமென்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்று வரிசை மக்காச்சோளத்திற்கு ஒரு வரிசை தட்டைப்பயறு விதைப்பதும் நல்ல வழக்கம். பயறு தன் வேர்முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பற்றுவது. அதன் தழை புரதம் மிக்கது. நெருக்கத்தினாற் குறைந்த புரதத்தை இதனால் ஈடுசெய்யலாம். இரண்டையும் ஒன்றாய் அறுத்து நறுக்கிப் போடவேண்டும்.

இனி, எவ்வளவு நிலம் வேண்டும்? ஹெக்டேருக்கு 40 டன்னுக்குக் குறையாத விளைவென்றால் சென்டிற்கு ஏறக்குறைய 165 கிலோ. ஒரு பசுவிற்கு நாளொன்றுக்கு 20 கிலோ பசுந்தீவனம் என்று கொண்டால், ஒரு சென்ட் எட்டு நாளைக்கு வரும். முழு நிலத்தையும் ஒரே நாளில் விதைத்தால், முதல் வாரம் இளசாகவும் கடைசி வாரம் முற்றலாகவும் அறுக்கநேரும்; எந்த இடைவெளியும் அப்பொழுது பொருந்தாது. ஆதலின் ஒரு பசு வைத்திருப்பவர் பத்து நாளுக்கொருமுறை ஒன்றேகால் சென்டாக, எட்டுப் பாத்திகளில் அடுத்தடுத்து விதைத்து வருவாராக. மொத்தம் பத்து சென்ட் ஆகும். எட்டாம் பாத்தியில் விதை விழும் நாட்களில் முதற்பாத்தி பூத்துப் பால்பிடித்து நிற்கும். அதனை அறுத்து முடித்தவுடன் தொழுவுரம் இட்டு, பார் பிடித்து, மீண்டும் விதை ஊன்றலாம்.